கப்பல் நிற்கிறது, சம்பளம் வரவில்லை: வடசென்னைக் கப்பல்காரர் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீடுகளில் கப்பல் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நானும் இருபத்து மூன்று வருடம் எஞ்சின் ரூமில் மோட்டார்மேனாகவும் பிறகு ஃபிட்டராகவும் ஓடியவன். வேலையை விட்டுக் கரையோடு உட்கார்ந்த பிறகு ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து ஆட்கள் தேடி வருகிறார்கள். ஒருவருக்கு மகன், ஒருவருக்கு வீட்டுக்காரர், ஒருவருக்குத் தம்பி. எங்கோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல் மாதக்கணக்கில் நிற்கிறது, சம்பளம் இல்லை, ஓனர் போனை எடுப்பதில்லை. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கு என்று போனால் கடல்சார் வழக்குகள் தெரிந்த வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றைத்தான் சொல்கிறேன்.

சம்பளம் தாமதமாவது எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதானே? எப்போது அதைக் "கைவிட்டுவிட்டார்கள்" என்று சொல்ல முடியும்?

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. கப்பலில் எல்லோரும் எம்.எல்.சி. என்பார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006ல் நிறைவேற்றியது, 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அதில் பின்னால் சேர்த்த ஒரு திருத்தம் 2017 ஜனவரி 18 முதல் அமலில் இருக்கிறது. கைவிடல் என்றால் என்ன என்பதை அது தெளிவாகவே சொல்கிறது. ஊருக்கு அனுப்பும் செலவை ஓனர் ஏற்க மறுத்தால் அது கைவிடல். சாப்பாடு, தண்ணீர், டீசல், மருந்து போன்ற தேவைகளைத் தராமல் விட்டாலும் கைவிடல்தான். மூன்றாவது, ஓனர் தன்பாட்டுக்குத் தொடர்பை அறுத்துக்கொள்வது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் கொடுக்காமல் விட்டாலே அது இந்த மூன்றாவதில் அடங்கிவிடும்.

மூன்றில் ஏதாவது ஒன்று போதும். "உங்களைக் கைவிட்டுவிட்டேன்" என்று எந்த ஓனரும் வாயால் சொல்லப் போவதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. தினமும் வாட்ஸாப்பில் "குட் மார்னிங்" போட்டுக்கொண்டே இருந்தாலும், இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் சட்டத்தின் கண்ணில் அவர் கைவிட்டவர்தான்.

"அடுத்த மாசம் மொத்தமா போட்டுடறேன்" என்று ஓனர் சொல்கிறாராம். காத்திருக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தப் பதிலை மறக்காதீர்கள்.

2017 முதல், எம்.எல்.சி.க்கு உட்பட்ட ஒவ்வொரு கப்பலிலும் கைவிடலுக்கென்று ஒரு காப்பீடு இருக்க வேண்டும். ஓனர் ஓடிப்போனாலும் காப்பீட்டாளர் பணம் தர வேண்டும். ஆனால் சம்பளப் பாக்கியில் அவர் தருவதற்கு உச்சவரம்பு இருக்கிறது: நான்கு மாதம். எட்டு மாதம் பாக்கி என்றாலும் நான்கு மாதம்தான் அவர் கையிலிருந்து உறுதியாக வரும். மிச்சத்துக்குக் கப்பலின் மேல் வழக்குப் போட்டு, கப்பல் ஏலம் போய், மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். இரண்டாவது மாதம் முடிந்த அன்றே புகார் எழுதினால், வேலை நடந்து நீங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் ஆகும் மாதங்களும் அந்த நான்குக்குள் அடங்க வாய்ப்பு உண்டு. ஐந்தாவது மாதம் வரை "ஓனர் நல்லவர், கஷ்டத்தில் இருக்கிறார்" என்று காத்திருந்தால், அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு நாளும் காப்பீட்டுக்கு வெளியே போய்விடுகிறது. "அடுத்த மாசம்" என்ற வார்த்தையால் லாபம் ஓனருக்கு மட்டும்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011ல் வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே ஆங்கரேஜில், அதாவது நங்கூரம் போட்டு நிற்கும் இடத்தில், எங்கள் கப்பல் ஏழு மாதம் நின்றது. அப்போது இந்தக் காப்பீடு கிடையாது. டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓட்டினோம். ஃப்ரீசரில் இருந்த இறைச்சி முதல் வாரமே போய்விட்டது, அதைக் கடலில் கொட்டினோம். ஏ.சி. ஓடுகிற அந்த இரண்டு மணி நேரத்தில் குழாயில் சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைப்போம். குடிக்க இல்லை, முகம் கழுவ. எம்16 நட்டைக் கட்டித் தூண்டில் போட்டு மீன் பிடித்தோம். மேல்தட்டு ஆட்களுக்குத் தலைவரான போசன் தூத்துக்குடிக்காரர், அவர்தான் எங்களுக்குப் புளி இல்லாமல் மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் ஓனரின் ஆள் லாஞ்ச் என்கிற சிறு படகில் வந்து நாலு மூட்டை அரிசியும் ஒரு வாக்குறுதியும் கொடுத்துவிட்டுப் போவார். நாங்கள் நம்பினோம். ஏழு மாதச் சம்பளத்தில் எனக்குக் கடைசியில் கிடைத்தது இரண்டு மாதம். இங்கே என் மனைவி தாலிக்கொடி தவிர எல்லாவற்றையும் அடகு வைத்திருந்தாள். அந்த நகைகளில் இரண்டு வளையலை மீட்கவே முடியவில்லை.

அன்றைக்கு எங்களுக்குச் சட்டம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. அதனால்தான் காத்திருக்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நடுவில் அரைச் சம்பளம், கால் சம்பளம் போடுகிற ஓனர்களும் உண்டு. அப்போதும் பாக்கியைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள். கொஞ்சம் வந்தது என்பதற்காகக் கடிதத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு கப்பலையே எப்படி ஐயா விட்டுவிட்டுப் போக முடியும்? அது கோடிக்கணக்கில் பெறுமே?

எல்லாக் கப்பலும் பெறாது. முப்பது, நாற்பது வருடம் ஓடிய பழைய கப்பலுக்கு உடைக்கிற இரும்பு விலைதான். எஞ்சின் கெட்டு நிற்கிறது, துறைமுகக் கட்டணம் ஏறுகிறது, டீசல் கொடுத்தவருக்குப் பாக்கி, மாலுமிகளுக்குப் பாக்கி என்று ஆகும்போது ஒருநாள் கடன் கப்பலின் விலையைத் தாண்டிவிடும். அன்றைக்கு ஓனருக்கு அந்தக் கப்பல் ஒரு சுமை. அந்தக் கம்பெனிக்கு அந்த ஒரே கப்பல்தான் சொத்து என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். கப்பல் பதிவான கொடி ஒரு நாடு, கம்பெனிப் பதிவு இன்னொரு நாடு, ஓனர் இருப்பது மூன்றாவது நாடு. யாரைப் போய்ப் பிடிப்பது? இப்படிக் காசு கட்டினால் கொடியைத் தருகிற நாடுகளில் பதிவான கப்பல்களில்தான் கைவிடல் மிகுதி.

2024ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேர் கைவிடப்பட்டார்கள் என்று ஐ.டி.எஃப். என்கிற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குச் சொன்னது. நாடு வாரியாகப் பார்த்தால் அதில் அதிகம் பேர் இந்தியர்கள்.

பெய்ரூட் துறைமுக வெடிவிபத்து நினைவிருக்கும். 2020 ஆகஸ்ட் 4 அன்று இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வெடித்தது துறைமுகக் கிடங்கில் இருந்த அமோனியம் நைட்ரேட். அதில் 2,750 டன்னைக் கொண்டுவந்த ரோசஸ் என்ற கப்பல் 2013ல் பெய்ரூட்டுக்கு வந்து ஓனரால் கைவிடப்பட்டது. கேப்டனும் இன்னும் மூன்று பேரும் அந்தச் சரக்கின் மேலேயே மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, 2014ல்தான் ஊருக்குப் போக முடிந்தது. மாலுமிகளின் பிரச்சினை என்று ஒதுக்கிவைத்த ஒரு கப்பலின் சரக்கு ஆறு வருடம் கழித்து ஒரு நகரத்தையே உடைத்தது.

சம்பளம் இல்லையென்றால் இறங்கி ஊருக்கு வந்துவிட வேண்டியதுதானே?

வெளியிலிருந்து பார்க்க அப்படித்தான் தோன்றும். என் அம்மாவும் போனில் இதையேதான் கேட்டார். முதல் தடை குடிவரவுச் சட்டம். அந்த நாட்டின் விசா கையில் இருக்காது. ஷோர் பாஸ் என்கிற கரையிறங்கும் அனுமதி இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. கப்பல் ஆங்கரேஜில் நின்றால் கரைக்கு வர லாஞ்ச் வேண்டும், அதற்குத் துறைமுக ஏஜென்ட் வேண்டும், அந்த ஏஜென்ட்டுக்கு ஓனர் பணம் கட்டியிருக்க மாட்டார். இரண்டாவது தடை, ஆளில்லாத கப்பல் மற்ற கப்பல்களுக்கு ஆபத்து. குறைந்தது இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்று துறைமுகம் சொல்லும், மாற்று ஆள் வரும்வரை விடாது. மூன்றாவது தடையை மாலுமியே போட்டுக்கொள்கிறார்: இறங்கினால் பாக்கி போய்விடும் என்ற பயம். இந்த மூன்றாவது பெரும்பாலும் தேவையில்லாத பயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. எந்தத் துறைமுகத்திலும், புரியாத மொழியில் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எகிப்தில் சூயஸ் பக்கம் அதபியா துறைமுகத்தில் 2017ல் அமான் என்ற கப்பலைப் பிடித்து வைத்தார்கள். அதில் கேப்டனுக்கு அடுத்த நிலையில் சீஃப் ஆஃபீசராக இருந்த ஒரு சிரியாக்காரரை நீதிமன்றம் அந்தக் கப்பலுக்குச் சட்டப்படியான பொறுப்பாளர் ஆக்கிவிட்டது. அதன் அர்த்தம் அவருக்குப் பிறகுதான் புரிந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, அவர் மட்டும் தனியாக அந்தக் கப்பலில் இருந்தார். ஊரில் அம்மா இறந்தபோதும் போக முடியவில்லை. சூறாவளியில் கப்பல் கரைப்பக்கம் தள்ளி வந்த பிறகு, போனுக்குச் சார்ஜ் போடவும் சாப்பாடு வாங்கவும் நீந்திக் கரைக்கு வருவார். விடுதலையானது 2021 ஏப்ரலில், ஏறக்குறைய நான்கு வருடம் கழித்து.

காப்பீடு இருக்கிறது என்கிறீர்கள். அது எங்கே இருக்கும், எப்படித் தெரிந்துகொள்வது?

மெஸ் ரூமில் அல்லது நடைபாதை நோட்டீஸ் போர்டில் மாட்டியிருக்க வேண்டும், எல்லோர் கண்ணிலும் படும்படி. இரண்டு சான்றிதழ்கள் இருக்கும். ஒன்றில் "விதி 2.5" என்று இருக்கும், அதுதான் கைவிடலுக்கு. இன்னொன்றில் "விதி 4.2" என்று இருக்கும், அது சாவு, காயத்துக்கான இழப்பீட்டுக்கு. முதல் சான்றிதழில் கப்பல் பெயர், கப்பலின் அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண், காப்பீட்டாளர் பெயர், தொடர்புகொள்ள வேண்டிய ஆள், எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் இருக்கும். பெரும்பாலும் பி அண்ட் ஐ கிளப் என்று சொல்கிற கப்பல் ஓனர்களின் பரஸ்பரக் காப்பீட்டு அமைப்புகள்தான் இதைத் தருகின்றன.

கப்பலேறிய முதல் நாளே அந்தக் காகிதத்தைப் போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிரச்சினை வந்த பிறகு அந்தக் காகிதம் போர்டில் இருக்கும் என்று நம்ப முடியாது. போன மாதம் ஒரு அம்மா தன் மகன் அனுப்பிய படத்தைக் காட்டினார். அதில் அவன் சிரித்துக்கொண்டு நிற்க, பின்னால் போர்டில் அந்தச் சான்றிதழ் மங்கலாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்ததில் காப்பீட்டாளர் பெயர் படிக்க முடிந்தது. தற்செயலாக எடுத்த செல்ஃபி, அதுவே வேலைக்கு ஆயிற்று.

காப்பீட்டாளர் தர வேண்டியது நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கி மட்டுமில்லை. ஊர் திரும்பும் செலவு முழுவதும், வீடு வந்து சேரும்வரை சாப்பாடு, தேவையான துணி, தங்க இடம், குடிநீர், கப்பலில் உயிர் வாழத் தேவையான டீசல், மருத்துவம் எல்லாம் அதில் சேரும். மாலுமி நேரடியாகவே காப்பீட்டாளரிடம் கேட்கலாம். ஓனர் வழியாகப் போக வேண்டியதில்லை.

காப்பீடு காலாவதியாகிவிட்டிருந்தால்?

கொடி நாடுதான் ஊருக்கு அனுப்ப வேண்டும். அதுவும் கையை விரித்தால், கப்பல் நிற்கிற நாடோ மாலுமியின் சொந்த நாடோ அனுப்பிவிட்டுச் செலவைக் கொடி நாட்டிடம் வசூலிக்கலாம். இந்தியத் தூதரகத்தைக் கேட்பதற்கு இதுவே அடிப்படை. அப்புறம் இன்னொன்று: காப்பீட்டாளர் திடீரென்று பாலிசியை நிறுத்த முடியாது, கொடி நாட்டுக்கு முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். சான்றிதழில் உள்ள தேதி முடிவதற்கு முன் புகார் போய்ச் சேர்வது இதனாலும் முக்கியம்.

சரி, யாருக்கு எழுதுவது? என்ன எழுதுவது?

ஒருவருக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம் அடுத்தவருக்கு எழுதுவது என்று போகாதீர்கள். ஒரே மின்னஞ்சல், ஒரே நாளில், எல்லோருக்கும். காப்பீட்டாளர், கொடி நாட்டின் கடல்சார் நிர்வாகம், கப்பல் நிற்கும் துறைமுகத்தின் கப்பல் சோதனை அதிகாரிகள், அந்த நாட்டின் ஐ.டி.எஃப். இன்ஸ்பெக்டர், அங்குள்ள இந்தியத் தூதரகம், இந்தியக் கப்பல் துறையை நிர்வகிக்கும் மும்பையிலுள்ள டி.ஜி. ஷிப்பிங் அலுவலகம், உங்களை அனுப்பிய ஏஜென்ட். மாலுமிகள் சங்கமான நுசி அல்லது எம்.யு.ஐ.யில் உறுப்பினர் என்றால் அந்தச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். யாரும் "இது எங்கள் வேலை இல்லை" என்று கடிதத்தை மூலையில் போட முடியாது, மற்றவர்களுக்கும் போயிருப்பது தெரியும்.

எனக்கு வருகிற பல செய்திகளில் "எங்களைக் காப்பாற்றுங்கள், நாங்கள் செத்துக்கொண்டிருக்கிறோம்" என்று இருக்கும், கப்பலின் பெயர்கூட இருக்காது. வலி புரிகிறது. ஆனால் மேஜையில் இருக்கும் அதிகாரிக்குத் தேவை வேறு. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், சுருக்கமாக இருக்கட்டும். முதல் வரியில் கப்பல் பெயர், ஐ.எம்.ஓ. எண், கொடி. இரண்டாவது வரியில் எந்தத் துறைமுகம், கரையிலா ஆங்கரேஜிலா, எந்தத் தேதியிலிருந்து. பிறகு கப்பலில் எத்தனை பேர், எந்தெந்த நாட்டவர். ஒவ்வொருவருக்கும் கடைசியாகச் சம்பளம் வந்த தேதி, பாக்கித் தொகை. இன்றைய தேதியில் எத்தனை நாளைக்கு அரிசியும் காய்கறியும் இருக்கிறது, எத்தனை டன் குடிநீர், எத்தனை டன் டீசல். யாருக்காவது சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள். கடைசியில் "எம்.எல்.சி.யின்படி இது கைவிடல், காப்பீட்டின் கீழ் சம்பளமும் ஊர் திரும்புதலும் கேட்கிறோம்" என்று ஒரு வாக்கியம். எல்லோரும் கையெழுத்துப் போட்ட பட்டியலை இணையுங்கள். கேப்டனும் சம்பளம் இல்லாமல்தான் இருப்பார், பெரும்பாலும் அவரும் போடுவார்.

கைவிடப்பட்ட கப்பல்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கின்றன. ஐ.டி.எஃப். புகாரை உறுதிசெய்தால் கப்பலின் பெயர் அதில் ஏறும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். பெயர் ஏறிய பிறகு கொடி நாடு பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும்.

புகார் கொடுத்தால் இனி எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைக்காது என்கிறார்களே?

இந்தப் பயத்தை வளர்ப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். கப்பலிலேயே புகார் செய்யவும், துறைமுகத்தில் இறங்கிப் புகார் செய்யவும் எம்.எல்.சி. உரிமை தருகிறது. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. நல்ல கம்பெனிகள் இதைப் பொருட்படுத்துவதில்லை. சம்பளம் தராத கம்பெனி மறுபடி கூப்பிடாவிட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

வீட்டில் இருக்கும் நாங்கள் என்ன செய்ய முடியும்?

பாதிக்கு மேல் நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும். அங்கே சிக்னல் இருக்காது, சார்ஜ் இருக்காது, ரீசார்ஜுக்குக் காசு இருக்காது.

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். அவர் பேசிய தேதி, சொன்னது, சம்பளம் வந்த தேதி, வராத மாதம், ஏஜென்ட்டிடம் பேசியது எல்லாம் அதில் இருக்கட்டும். பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகமான சி.டி.சி., வேலை ஒப்பந்தம், ஏஜென்ட் கொடுத்த ரசீது எல்லாவற்றுக்கும் நகல் வீட்டில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்தான ஒரு பிரதியை மாலுமி வைத்திருப்பது அவர் உரிமை.

சென்னையில் நேரில் போகக்கூடிய இடம் ராஜாஜி சாலையில் இருக்கும் வணிகக் கடல்துறை அலுவலகம், எம்.எம்.டி. என்பார்கள். அது டி.ஜி. ஷிப்பிங்கின் கீழ் வருவது. மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) என்ற இணையதளத்தில் குடும்பத்தினரே புகார் பதியலாம், அந்த நாட்டுத் தூதரகத்துக்கு அது நேராகப் போகும். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையிலும் மனு கொடுங்கள். தூதரகங்களிடம் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. சிக்கித் தவிக்கும் இந்தியர்களுக்கு அவசரச் செலவு செய்ய 2009ல் ஏற்படுத்தியது. டிக்கெட் விஷயத்தில் அதையும் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

டி.வி.க்குப் போகலாமா என்று பல பேர் கேட்கிறார்கள். போகலாம், ஆனால் எழுத்துப் புகார் கொடுத்த பிறகு, கப்பலில் இருப்பவர்கள் சம்மதத்தோடு. பையனின் முகத்தைக் கேட்காமல் டி.வி.யில் போட்டால் அங்கே அவன் நிலைமை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது.

அப்புறம், அவரிடம் பேசும்போது வீட்டுக் கடனைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். ஸ்கூல் ஃபீஸ், வட்டிக்காரர், ரேஷன் எல்லாம் உண்மைதான். ஆனால் அங்கிருந்து அவரால் எதுவும் செய்ய முடியாது, அந்த இரவு தூங்க மாட்டார். எங்கள் கப்பலில் ஒரு பையன் வீட்டுப் போனை வைத்த பிறகு கேங்வே, அதாவது கப்பலில் ஏறி இறங்கும் படி, பக்கம் போய் நின்றுகொண்டே இருந்தான். நாங்கள் ராத்திரி முழுக்க மாறி மாறி அவனோடு உட்கார்ந்திருந்தோம். மாலுமிகளுக்கென்று இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசும் சீஃபேரர்ஹெல்ப் என்ற உதவிச் சேவை இருக்கிறது, குடும்பத்தினரும் அதில் பேசலாம்.

ஊருக்கு வந்துவிட்டால் மீதிப் பாக்கி போய்விடுமா?

போகாது. மாலுமியின் சம்பளப் பாக்கி அந்தக் கப்பலின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் உரிமை. ஓனர் கப்பலை வேறொருவருக்கு விற்றாலும், பெயர் மாற்றினாலும் அது கூடவே போகும். இந்தியாவில் 2017ல் இயற்றி 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்த கடல்சார் வழக்குச் சட்டம், இப்படிக் கப்பலின் மேல் ஒட்டும் உரிமைகளில் முதல் இடத்தைச் சம்பளத்துக்குத் தருகிறது. அந்தக் கப்பல் சென்னைக்கோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கோ காட்டுப்பள்ளிக்கோ வந்தால், பாரிமுனையில் இருக்கும் நம் உயர் நீதிமன்றமே அதைப் பிடித்து வைக்க உத்தரவிட முடியும். ஆனால் காலவரம்பு உண்டு. சம்பளத்துக்கு இரண்டு வருடம், அதற்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். வேறு நாட்டில் கப்பல் நின்றால் அந்த நாட்டின் சட்டம்தான். நீதிமன்றம் ஏலம் விட்டுவிட்டால் உரிமை கப்பலை விட்டு ஏலப் பணத்துக்கு மாறிவிடும், அதில் மனுப் போட வேண்டும்.

அதனால் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியது: பாக்கித் தொகையை எழுதிக் கேப்டன் கையெழுத்தும் கப்பல் முத்திரையும் வாங்குவது. சங்கத்துக்கோ வழக்கறிஞருக்கோ அதிகாரப் பத்திரம் கொடுப்பது. "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற காகிதத்தை முழுப்பணம் வராமல் ஒருபோதும் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். டிக்கெட்டைக் கையில் காட்டிக்கொண்டு இந்தக் காகிதத்தை நீட்டுவார்கள், வீட்டு நினைப்பில் போட்டுவிடத் தோன்றும்.

சில நேரம் நின்று பிடிப்பதும் பலன் தரும் என்பதையும் சொல்ல வேண்டும். ஐபா என்ற டேங்கர் 2021 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் உம் அல் குவைன் கடற்கரையில் ஒதுங்கியது. ஐந்து பேர், அவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள், முப்பத்திரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அதற்குப் பிறகுதான் உடன்பாடு வந்தது. ஆனால் முப்பத்திரண்டு மாதம் கடலில் கிடப்பதை நான் யாருக்கும் யோசனையாகச் சொல்ல மாட்டேன். ஆள் வீட்டுக்கு வரட்டும், வழக்கு பின்னால் நடக்கட்டும்.

கப்பலில் சேரும் முன்பே எதைப் பார்க்க வேண்டும்?

மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்ப வேண்டிய ஆர்.பி.எஸ்.எல். உரிமம் ஏஜென்ட்டிடம் இருக்கிறதா என்பதை டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்திலேயே பாருங்கள், அவர் காட்டும் லேமினேட் காகிதத்தை நம்பாதீர்கள். வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். மெடிக்கல், பாஸ்போர்ட், சி.டி.சி. செலவு மட்டும்தான் மாலுமியுடையது. விசாச் செலவுகூட ஓனருடையது. மண்ணடியிலும் பாரிமுனையிலும் மாடிப்படி ஏறிப்போய் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பணம் கேட்ட இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள், அந்தக் கப்பல் நல்ல கப்பலாக இருக்காது.

கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணைக் கேளுங்கள். ஈக்வாசிஸ் என்ற இலவச இணையதளத்தில் அதைப் போட்டால் வயது, கொடி, ஓனர், எந்தத் துறைமுகத்தில் என்ன குறைக்காகப் பிடித்து வைத்தார்கள் என்று எல்லாம் வரும். கைவிடல் பட்டியலிலும் ஒருமுறை தேடுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே கப்பலேறலாம் என்று சொன்னாலோ, ஒப்பந்தத்தை அங்கே போன பிறகு தருவோம் என்று சொன்னாலோ வேண்டாம். நீங்கள் சேர்ந்த விவரம் மாலுமிக்கு அரசு தரும் அடையாள எண்ணான உங்கள் இண்டோஸ் எண்ணில் பதிவாக வேண்டும். பதிவாகாமல் போனவரைப் பிறகு தேடுவது எல்லோருக்கும் கஷ்டம்.

என் தம்பி போனது சரக்குக் கப்பல் இல்லை, வளைகுடாவில் மீன்பிடிப் படகு. அவனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. மீன்பிடிக் கலங்களும் பாரம்பரியமாகக் கட்டிய தோணி வகைக் கலங்களும் எம்.எல்.சி.க்கு வெளியே நிற்கின்றன. காசிமேட்டுப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அவர்களுக்கு வழி தூதரகமும் மதத் புகாரும்தான். நோட்டுப் போடுவது, நகல் வைப்பது எல்லாம் அவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தேவை.

நம் சென்னைக் கடலிலேயே இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். பிரதிபா காவேரி என்ற டேங்கர் நங்கூரம் பிடிக்காமல் இழுத்துக்கொண்டு வந்து பெசன்ட் நகர்ப் பக்கம் தரை தட்டியது. வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. லைஃப்போட்டில் இறங்கியவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். பலரை மீனவர்கள்தான் அலைக்குள் போய் இழுத்து வந்தார்கள். கப்பலில் டீசலும் சாப்பாடும் தட்டுப்பாடாக இருந்தது, சம்பளம் பாக்கி என்று பிழைத்தவர்கள் சொன்னது அப்போது செய்திகளில் வந்தது. வெளிநாட்டுக் கொடி, வெளிநாட்டு மாலுமி என்றால் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம்.

இன்றைக்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி போனால் கடலில் வரிசையாக விளக்குகள் தெரியும். பெரும்பாலானவை முறை வந்ததும் உள்ளே போகும் கப்பல்கள். ஒரே விளக்கு ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இருந்தால், மீன்பிடிக்கப் போகிறவர்கள் அதை முதலில் கவனிப்பார்கள். மேல்தட்டிலிருந்து யாராவது காலி கேனைக் காட்டிக் கையசைத்தால் அது தண்ணீர் கேட்பது. கரைக்கு வந்ததும் கடலோரக் காவல்படைக்கும், ராஜாஜி சாலையிலுள்ள மாலுமிகள் மிஷனுக்கும் சொல்லுங்கள். கப்பல் பெயர் பின்பக்கம் எழுதியிருக்கும், அதன் கீழே ஊர் பெயர் இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட கப்பலுக்கு உதவிப்பொருள் கொண்டு போகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் எடுத்துப் போங்கள். கூடவே ரீசார்ஜ் செய்த ஒரு சிம் கார்டும் பவர் பேங்கும். 2011ல் முதல் உதவி லாஞ்ச் எங்கள் கப்பலோரம் வந்தபோது, மூட்டைகளை யாரும் பார்க்கவில்லை. பதினொரு பேரும் கேட்டது, "போன் இருக்கா?"